மூடுபனிக் காலத்தில் ஓர் ஒளிமேசை: கோத்தகிரியில் நான் பட்ட பாடு

எங்கள் வீடு கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் பிள்ளைகளை வாசலுக்கு விட முடியாது. காட்டெருமைகள் வேலி ஓரம் வந்து மேயும், கரடி நடமாட்டமும் உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் பகலிலேயே பனி மூடிக்கொள்ளும், எதிர்வீடு தெரியாது. பெரியவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் நான்காம் வகுப்பு. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரமும் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். பிடுங்கினால் சண்டை. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒரு மேசை வேண்டும், அதன் மேல்பலகையே விளக்காக எரிந்து ஆட்டக் கட்டமாக மாற வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்தது.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் கொஞ்சம் நிரல் எழுதத் தெரியும். பெங்களூரில் வேலை செய்யும் தம்பி ஒரு தீபாவளிக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன பழைய ராஸ்பெர்ரி பை 3 அலமாரியில் கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற முழுக் கம்ப்யூட்டர் அது. கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறைதான் வருவார். ஆக எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அக்டோபர் முதல் வாரம் தொடங்கியது, ஜனவரி கடைசியில்தான் முடிந்தது. மொத்தச் செலவு 14,950 ரூபாய். அதில் 3,000 ரூபாய்க்கு மேல் தண்டச் செலவு. பணம்கூடப் போகட்டும், ஒரு ராத்திரி வீட்டில் தீப்பிடித்திருக்க வேண்டியது, தப்பித்தோம். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது. அதற்காகத்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

முதல் தண்டச் செலவு முதல் நாளே நடந்தது. டவுனில் உள்ள எலக்ட்ரிகல் கடையில் "கலர் மாறுகிற எல்இடி ஸ்ட்ரிப் வேண்டும்" என்று கேட்டு 650 ரூபாய்க்கு ஒரு சுருள் வாங்கி வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கலர் மாறுகிறது, ஆனால் சுருள் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கலருக்கு மாறுகிறது. கோயில் திருவிழாவுக்கும் கடை போர்டுக்கும் அது சரி. நமக்கு ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகச் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். அந்த வகைக்குப் பெயர் டபிள்யூஎஸ்2812பி. பெயர் மறந்து போனாலும் அடையாளம் இதுதான்: சாதாரண கலர் ஸ்ட்ரிப்பில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும், நான்கு ஒயர் வரும். நமக்கு வேண்டியதில் 5 வோல்ட் என்று இருக்கும், மூன்றே ஒயர், அதில் ஒன்று விளக்குக்குக் கட்டளை போகும் டேட்டா ஒயர். வெட்டும் இடத்தில் சின்னதாக அம்புக்குறியும் இருக்கும். அந்த அம்புக்குறிக்குப் பிறகு வருகிறேன். கடையில் தப்பில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். பிரித்த சுருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால் 650 போனது போனதுதான்.

சரியான சுருளை ஆன்லைனில் வரவழைத்தேன். மலைக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆனது. மீட்டருக்கு 30 விளக்கு உள்ளது, 60 உள்ளது, 144 உள்ளது. மேசைக்கு 30 போதும். ஒரு விளக்குக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 3.33 சென்டிமீட்டர். 16 வரிசை, வரிசைக்கு 16 விளக்கு, மொத்தம் 256. ஐந்து மீட்டர் சுருள் இரண்டு போதும், கொஞ்சம் மிஞ்சும். ஒரு பக்கம் 53.3 சென்டிமீட்டர் வரும், நாலு பேர் சுற்றி உட்காரத் தோதான அளவு.

இந்த 3.33-இல்தான் அடுத்த தப்பு. ஒவ்வொரு விளக்கும் தன் கட்டத்துக்குள் மட்டும் வெளிச்சம் போட வேண்டுமென்றால் நடுவில் தடுப்புச் சுவர்கள் வேண்டும். முட்டைத் தட்டு மாதிரி, ஆனால் சதுரமாக. எங்கள் பக்கத்து ஆசாரி அண்ணன் எம்டிஎஃப் என்கிற, மரநாரை அழுத்திச் செய்த பலகையில் பட்டை பட்டையாக வெட்டி, காடி போட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகித் தந்தார். "கட்டம் எவ்வளவு வைக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டார். "3.3 வைங்கண்ணா" என்றேன். ஒரு கட்டத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் 16 கட்டம் தாண்டும்போது அது அரை சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. முதல் கட்டத்தில் நடுவில் உட்கார்ந்த விளக்கு கடைசிக் கட்டத்தில் சுவரை நோக்கி நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் வெளிச்சம் ஒருச்சாய்ந்து விழுந்தது. பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்லிக் கொடுக்கிற விஷயம், தோராயமாக்கியதைத் திரும்பத் திரும்பக் கூட்டாதே என்று. ஆகவே ஆசாரியிடம் கட்டத்தின் அளவைச் சொல்லாதீர்கள். மொத்த அளவைச் சொல்லி, அதைப் பதினாறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, ஸ்ட்ரிப்பையே பலகை மேல் வைத்து அவரைக் குறிக்கச் சொல்வது. ஏனென்றால் இந்தச் சுருள்கள் அரை மீட்டர் துண்டுகளை ஒட்டவைத்துச் செய்தவை. அந்த ஒட்டுகளில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். வரிசைக்கு 16 விளக்கு என்றால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஒட்டாவது வந்தே தீரும்.

இப்போது அம்புக்குறி. டேட்டா ஒரு பக்கமாகத்தான் ஓடும், அம்பு காட்டுகிற திசையில். நான் பதினாறு வரிசையையும் அம்பு வலப்பக்கம் பார்க்கிற மாதிரி அழகாக ஒட்டிவிட்டேன். பிறகு இணைக்கப் போனால் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலிருந்தும் அடுத்த வரிசையின் தொடக்கத்துக்கு அரை மீட்டர் ஒயர் திருப்பி இழுக்க வேண்டியிருந்தது. பாம்பு நெளிகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று திசை மாற்றி ஒட்டியிருந்தால் இரண்டு விரல் நீள ஒயர் போதும். எல்லாவற்றையும் பிய்த்து மறுபடி ஒட்டினேன். பிய்க்கும்போது இரண்டு இடத்தில் செம்புப் பட்டை கையோடு வந்துவிட்டது. பாம்பு மாதிரி ஒட்டினால் முதல் வரிசை 0 முதல் 15 வரை இடமிருந்து வலம், இரண்டாவது வரிசை 16 முதல் 31 வரை வலமிருந்து இடம் என்று எண் போகும். அதை நிரலில் ஒரு வரியில் சரிசெய்துகொள்ளலாம்: வரிசையையும் 0-இலிருந்து எண்ணி, ஒற்றைப்படை வரிசை என்றால் 15-இலிருந்து கழி, அவ்வளவுதான். மரத்தில் கஷ்டப்படுவதை விட நிரலில் கஷ்டப்படுவது எப்போதும் சுலபம். இன்னொன்று, ஸ்ட்ரிப்பின் பின்பக்கப் பசையை நம்ப வேண்டாம். எங்கள் ஊர் ஈரத்தில் மூன்றே நாளில் கழன்று தொங்கியது. பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, நாலு விளக்குக்கு ஒரு சொட்டு குளூ கன் பசை வைத்த பிறகுதான் நின்றது.

முதலில் போன் சார்ஜரில் இணைத்துப் பார்த்தேன். பத்துப் பதினைந்து விளக்கு எரியவிட்டபோது அற்புதமாக இருந்தது. சின்னவள் கையைத் தட்டிக் குதித்தாள். எல்லாவற்றையும் வெள்ளையாக எரியவிட்டதும் முழு மேசையும் மங்கி அணைந்து அணைந்து எரிந்தது. கணக்கு இதுதான். ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடி. ஒன்றுக்குச் சுமார் 20 மில்லி ஆம்பியர், முழு வெள்ளைக்கு 60. அதை 256-ஆல் பெருக்கினால் 15.36 ஆம்பியர். போன் சார்ஜர் தருவது 2. ஆகவே 5 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று 1,050 ரூபாய்க்கு வரவழைத்தேன். வீட்டுக் கரண்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும், ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகரப் பெட்டி அது.

இனி அந்த ராத்திரி. நவம்பர் இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை. வெளியில் மழை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்த இரண்டு ஒயரை ஸ்ட்ரிப்போடு கூட வந்த அந்தச் சின்ன மூன்று முனைக் கனெக்டரிலேயே செருகினேன். அதுதானே அதற்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முழு வெள்ளை போட்டேன். இந்த ஓரம் பளிச்சென்ற வெள்ளை, அந்த ஓரம் போகப் போக மஞ்சளாகி, கடைசியில் செம்மஞ்சள். ஏன் இப்படி என்று கோடு கோடாக நிரலில் தேடிக்கொண்டிருந்தேன். மேசை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும், மீன் கருகுகிற மாதிரி ஒரு வாடை. அடுப்பில் எதுவும் இல்லை. சின்னவள் மேசைக்குக் கீழே குனிந்து "அம்மா, இங்கே புகையுது" என்றாள். கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, ஒரு பக்கம் வழிந்திருந்தது. அதற்குக் கீழே பலகையில் பத்துப் பைசா அளவுக்குக் கருப்பு. சுவிட்சை அணைத்துவிட்டுக் கனெக்டரைத் தொட்டேன், விரல் கொப்பளித்துவிட்டது. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு நான் அன்றைக்குத் தூங்கவே இல்லை. நாம் தூங்கிய பிறகு இது எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே மனசு ஓடியது. எங்களோடு இருக்கும் அத்தையிடம் சொல்லவில்லை. கணவரிடமும் இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

5 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. 5 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் சூடாக்குவது ஆம்பியர். ஒயர் மெலிதாக இருந்தாலோ இணைப்பு லூஸாக இருந்தாலோ அந்த இடம்தான் அடுப்பு. அந்தக் கனெக்டர் வகை 3 ஆம்பியருக்கு ஏற்பட்டது. நான் அதன் வழியாக அதைவிட அதிகமாக இழுத்தேன். கடைசி ஓரம் செம்மஞ்சளானதும் அதே காரணம்தான். ஸ்ட்ரிப்பின் செம்புப் பட்டை தாள் மாதிரி மெலிது, அதில் போகப் போக வோல்ட் குறைகிறது. நீலமும் பச்சையும் எரிய சிவப்பைவிட அதிக வோல்ட் வேண்டும், ஆகவே அவை முதலில் மங்கும், சிவப்பு மட்டும் மிஞ்சும். உங்கள் மேசையில் தூர ஓரம் மஞ்சளடித்தால் நிரலைத் தேடாதீர்கள், உடனே அணைத்துவிட்டு ஒயரைப் பாருங்கள். எனக்கு மேசையே எச்சரிக்கை கொடுத்தது, நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு செய்தது இது. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மேசையின் இரண்டு பக்கமும் சிவப்பு ஒன்று கருப்பு ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு வரிசையின் இரண்டு முனையிலிருந்தும் சின்ன ஒயர் அந்தத் தடித்த ஒயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. மொத்தம் 64 பற்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. எஸ்எம்பிஎஸ்ஸை விட்டு வெளியே வந்ததும் சிவப்பு ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ். கார் உதிரிபாகக் கடையில் கத்தி மாதிரி இருக்கும் ஃபியூஸும் அதன் கூடும் கோத்தகிரியிலேயே கிடைத்தது. பிறகு நிரலில் வெளிச்சத்தின் உச்சத்தை 255-க்குப் பதில் 80 என்று கட்டிவைத்தேன். அப்போது முழு வெள்ளைக்கே 5 ஆம்பியர்தான் ஆகிறது. இருட்டு அறையில் அதற்கு மேல் கண்ணும் கூசும். ஆனால் நிரல் வரம்பை மட்டும் நம்பி மெலிந்த ஒயர் போட்டுவிடாதீர்கள். நிரல் சிக்கிக்கொண்டால் விளக்குகள் இஷ்டத்துக்கு எரியும், அப்போது காப்பாற்றுவது ஒயரும் ஃபியூஸும்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் மறுபக்கம் 230 வோல்ட் வருகிறது, திருகுகள் திறந்தே இருக்கின்றன. அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை. ஊர் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு, எர்த்தோடு இணைக்கச் சொல்லி, மூடி போட்டு, பிள்ளைகள் கை நுழையாத இடத்தில் பொருத்தச் சொன்னேன். "எர்த் எதுக்குக்கா, அது சின்ன செட்டுதானே" என்றார். போட்டால்தான் கூலி தருவேன் என்று நின்றேன்.

ஒயரைச் சரிசெய்த பிறகுதான் என்னை அழவைத்த பிரச்சினை வந்தது. அதுவரை ஒழுங்காக எரிந்த விளக்குகள் கண்டபடி மின்ன ஆரம்பித்தன. சொல்லாத இடத்தில் பச்சை, சொல்லாத நேரத்தில் ஊதா. அன்றைய சூட்டில் ஸ்ட்ரிப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து இன்னொரு சுருள் 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் அப்படியே மின்னியது. மூன்று வாரம் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்தது இதுதான்: ராஸ்பெர்ரி பையின் டேட்டா முனை தருவது 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் விளக்கு, டேட்டா 3.5 வோல்ட் இருந்தால்தான் அதை உறுதியாக "ஒன்று" (டேட்டா முழுக்க ஒன்றும் பூஜ்யமும்தான்) என்று எடுத்துக்கொள்ளும், அதாவது தன் வோல்ட்டில் பத்தில் ஏழு பங்கு. முன்பு போன் சார்ஜரில் மெல்லிய ஒயர் வழியாகப் போனபோது மல்டிமீட்டரில் 4.6 தான் காட்டியது. அதற்குப் பத்தில் ஏழு பங்கு 3.22, ஆகவே 3.3 போதுமாக இருந்தது. நான் ஒயரை நன்றாகப் போட்டு முழு 5 வோல்ட் கொடுத்ததும் அது போதாமல் போய்விட்டது. ஒன்றைச் சரிசெய்ததால் இன்னொன்று வெளியே வந்தது, அவ்வளவுதான். எதுவும் கெட்டிருக்கவில்லை.

அதற்கு மருந்து 74ஏஹெச்சிடி125 என்று ஒரு சின்னச் சிப். 3.3-ஐ வாங்கி 5 ஆகத் தரும். கோவை காந்திபுரத்தில் கிடைக்கும் என்று சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கினேன். குஞ்சப்பனை தாண்டும்போது யானை ரோட்டில் நிற்கிறது என்று முக்கால் மணி நேரம் பஸ் நின்றது. கடையில் "125 தானே, இந்தாங்க மேடம்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள், நானும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு மாலை வீடு திரும்பினேன். போட்டால் அதே மின்னல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதில் 74ஹெச்சி125 என்று இருந்தது. முக்கியமான "டி" என்கிற எழுத்து இல்லை. அந்த எழுத்து இருந்தால்தான் 2 வோல்ட்டையே "ஒன்று" என்று ஏற்கும். இல்லாவிட்டால் அதுவும் அதே 3.5-ஐக் கேட்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடி போய், ஹெச்சிடி வகைதான் வேண்டும் என்று எழுதிக்காட்டி, ஐந்தாக வாங்கி வந்தேன். அன்றிரவு மேசை முதல்முறையாக ஒரு மினுக்கும் இல்லாமல் நீலமாக நின்றது. நான் அறை விளக்கை அணைத்துவிட்டு மேசையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மலையில் இருப்பவர்கள் ஒரு பொருள் வாங்கப் போனால் இரண்டாக, சிப் என்றால் ஐந்தாக வாங்குங்கள். 40 ரூபாய் மிச்சம் பிடித்து ஒரு நாளை இழப்பது கட்டுப்படியாகாது. கூடவே 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று மின்சாரம் நுழையும் இடத்தில், 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று டேட்டா ஒயரில், இவற்றையும் அதே பயணத்தில் வாங்கிவிடுங்கள். ராஸ்பெர்ரி பைக்குத் தனி அடாப்டர் வைத்திருந்தால், பையின் கிரவுண்டையும் எஸ்எம்பிஎஸ்ஸின் கருப்பு முனையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டேட்டாவுக்கு எது பூஜ்யம் என்றே விளக்குக்குத் தெரியாது.

சத்தம் வைக்கப் போனபோதும் ஒரு மாலை போனது. ஆட்டத்துக்கு டிங் டிங் என்று ஒலி சேர்த்ததும் விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடின. பொதுவாக எல்லோரும் டேட்டாவுக்குச் சொல்வது ராஸ்பெர்ரி பையில் ஜிபிஐஓ 18 என்று எண் போட்ட முனை. பை 3-இல் ஹெட்போன் ஒலியும் அந்த முனையின் அதே உள்பகுதியைப் பயன்படுத்துகிறது, இரண்டும் மோதிக்கொள்ளும். டேட்டாவை ஜிபிஐஓ 21-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

டிசம்பரில் காற்று. மரக்கிளை கம்பியில் விழும், ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகும், வரும். மூன்றாவது வாரம் ஒரு காலை மேசை எழுந்திருக்கவே இல்லை. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதில் கார்டு கெட்டுவிட்டது. தாயம் ஆட்டத்துக்காக நான் எழுதிய இரண்டு வார வேலை அதில்தான் இருந்தது, வேறு எங்கும் பிரதி இல்லை. பள்ளியில் மதிப்பெண் பட்டியலை மூன்று இடத்தில் சேமிக்கிறவள் இதைச் செய்யவில்லை. மறுபடி எழுதியபோது வேகமாக வந்தது, ஆனாலும் அந்த வாரம் மனசு விட்டுப் போய்த் தொடவே இல்லை. இப்போது தினமும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுகிறேன். ஆட்டம் எழுதி முடித்ததும் ராஸ்பெர்ரி பையின் அமைப்புகளை மாற்றுகிற ராஸ்பை-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை இயக்கினேன். அதன் பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது, கரண்ட் எப்போது போனாலும் பயமில்லை. எங்கள் மாதிரி ஊரில் இது இல்லாமல் எதையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெரிய மழை. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் மேகமே ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். எம்டிஎஃப் தடுப்புகள் ஒரே மாதத்தில் ஓரமெல்லாம் ஊறி, பிஸ்கட் மாதிரி உப்பி, மேலே வைத்த அக்ரிலிக்கைத் தூக்கிவிட்டன. 900 ரூபாய் வேலை குப்பைக்குப் போனது. பிறகு விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற மூன்று மில்லிமீட்டர் வெள்ளை சன்போர்டு வாங்கி நானே கத்தியால் வெட்டினேன், 350 ரூபாய். இந்த முறை 53.3-ஐப் பதினாறாகப் பிரித்துக் குறித்தேன். சன்போர்டு தண்ணீர் குடிக்காது, உள்பக்கமும் வெள்ளை என்பதால் வெளிச்சம் கூடுதலாகப் பரவுகிறது. காலையில் அக்ரிலிக்கைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருக்கும். பெட்டியின் நாலு பக்கமும் பென்சில் பருமனில் ஓட்டைகள் போட்டதும் அது நின்றது. ஈயப் பற்றுகள் மீது கலரில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். எங்கள் ஊருக்குச் சிலிகான் பூச்சு போட்ட ஐபி65 வகை ஸ்ட்ரிப் வாங்குவதே நல்லது, அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன்.

மேலே போடுவது மூன்று மில்லிமீட்டர் பால் வெள்ளை அக்ரிலிக். கண்ணாடிக் கடையில் கண்ணாடிதான் வெட்டுவார்கள், இதற்கும் கோவைதான். முதலில் தடுப்பின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் வைத்திருந்தேன். கட்டத்தின் நடுவில் ஊசிமுனை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் மங்கல். கண்ணை உறுத்தியது. விளக்குக்கு விளக்கு எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு உயரமாவது வேண்டும். மூன்றரை சென்டிமீட்டராக உயர்த்தி, அக்ரிலிக்குக்குக் கீழே ஒரு பட்டர் பேப்பர் விரித்ததும் ஒவ்வொரு கட்டமும் சீராக, பாலில் கலர் கரைத்து ஊற்றிய மாதிரி ஆனது. அதன் மேல் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி. டீ டம்ளர் வைக்காமல் எங்கள் வீட்டில் எந்த மேசையும் இருக்காது.

பாம்பு ஆட்டம், தாயம், ஆடு புலி ஆட்டம், இந்த மூன்றும் எழுதியிருக்கிறேன். ஆடு புலியில் 23 புள்ளிகள், சாய்ந்த கோடுகள். பதினாறுக்குப் பதினாறு சதுரத்தில் சாய்ந்த கோடு படிக்கட்டாகத்தான் வரும். அதனால் புள்ளிகளை மட்டும் எரியவிட்டு, கோடுகளை ஓஹெச்பி என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் மார்க்கரால் வரைந்து கண்ணாடி மேல் விரித்துவிட்டேன். புலி மூன்றும் ஆரஞ்சு, ஆடு பதினைந்தும் வெள்ளை. நகர்த்துவதற்கு ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், 350 ரூபாய் வகை. தாயத்துக்குக் கம்ப்யூட்டரே எண் போடும்படி எழுதியிருந்தேன். அத்தை அதை ஒரே நாளில் வேண்டாம் என்றுவிட்டார். "உருட்டாம என்ன தாயம்?" என்று தன் பெட்டியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தார். இப்போது கட்டையை அவர் கையால் உருட்டுகிறார், விழுந்த எண்ணைப் பெரியவன் அழுத்துகிறான், மேசையில் காய் நகர்கிறது. கண்ணாடியில் கட்டை விழும் சத்தம் போதும் என்று நான் கஷ்டப்பட்டு வைத்த டிங் டிங்கையும் அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று மாலை ஆறு மணிக்கு வேலியோரம் காட்டெருமை மூச்சுவிடும் சத்தம் கேட்டது. நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை, அத்தையின் கடைசிப் புலி கட்டுப்படப் போகிற நேரம். ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தினமும் செய்கிற மாதிரி, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு மேசைக்குக் கீழே கையைவிட்டு அந்தத் தடித்த ஒயரை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிப் பார்த்தேன். ஃபியூஸ் கூட்டையும் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.